எச்சம் கரைந்த தண்ணீர்

ஜனவரி மாதத்து மாலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரைமேல் ஏறும்போது, பறவைகள் கண்ணில் படுவதற்கு முன்பே வாடை மூக்கில் ஏறிவிடும். மீன் கவிச்சியும் எச்சத்தின் காரமும் கலந்த வாடை அது. அடுத்து சத்தம் வரும். நீரில் பாதி மூழ்கி நிற்கும் மரங்களிலிருந்து குஞ்சுகளின் கத்தலும், அதற்கிடையே மரக்கட்டைகளைத் தட்டுவது போன்ற ஓசையும் கேட்கும். வளர்ந்த நத்தைகுத்தி நாரைக்குக் குரல் பெரிதாகக் கிடையாது. அலகோடு அலகைத் தட்டித்தான் அது தன் இணையோடு பேசுகிறது. இவ்வளவுக்கும் பிறகே அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது யார் என்ற கேள்வி எழும். இலை, கிளை, அடிமரம் எல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

சுற்றுலா வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வெள்ளைப் பூச்சுதான் இந்த ஊர் பறவைகளைக் காப்பாற்றியதற்கான காரணம் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். வேடந்தாங்கலில் பறவைகளின் மேல் அன்பு நிச்சயமாக உண்டு. அந்த அன்புக்கு அடியில் ஒரு நெல் வயலும் உண்டு.

ஊர்ப்பெயருக்கு வேடர்கள் தங்கிய இடம் என்று விளக்கம் சொல்வார்கள். தொண்டை மண்டலத்தில் ‘தாங்கல்’ என்றால் சிற்றேரி என்றும் பொருள். சென்னைக்காரர்களுக்குப் பழவந்தாங்கல் ஒரு ரயில் நிலையம், ஐயப்பன்தாங்கல் ஒரு பேருந்துப் பணிமனை. இரண்டும் ஏரியின் பெயரைத் தாங்கிய ஊர்கள் என்பதை நினைப்பவர்கள் குறைவு. வேடந்தாங்கல் ஏரியும் அளவில் சிறியதுதான், ஏறத்தாழ 30 ஹெக்டேர். மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒரு குட்டை.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் திரண்டுபோய்ச் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் அவர் கவுல் என்ற உரிமைச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமை இந்த ஊராருக்கு உண்டு என்பது அதன் சாரம். அந்தக் கவுல் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் இடம் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உழவர் கூட்டம் பறவைகளுக்காக அரசிடம் எழுத்து வாங்கியிருக்கிறது.

ஊராரின் வாதம் எளிமையானது. பறவை தங்கும் ஏரியின் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் நன்றாக விளைகிறது, ஆகவே பறவை எங்களுக்கு வேண்டும். செடி எதைத் தின்று வளர்கிறது என்பதை விளக்கி யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வேளாண் வேதியியல் நூலை வெளியிட்டது 1840-இல்தான். வேடந்தாங்கல் உழவர்களுக்கு நைட்ரஜன் என்ற பெயர் தெரியாது. அது எந்த மரத்திலிருந்து சொட்டுகிறது என்பது தெரிந்திருந்தது.

அந்தச் சொட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் உடல் தன் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கி, நிறைய நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறது. பறக்கும் உயிருக்கு அவ்வளவு தண்ணீரைச் சுமப்பது கட்டுப்படியாகாது. அதனால் பறவைகள் அதே கழிவை யூரிக் அமிலமாக்கி, களிபோல வெளியே தள்ளுகின்றன. எச்சத்தின் வெள்ளை நிறம் இந்த யூரிக் அமிலத்தால் வருவது. இது நீரில் எளிதில் கரையாது. ஏரியின் நுண்ணுயிரிகள் அதைப் படிப்படியாக உடைக்கின்றன. உடையும் வழியில் அது யூரியாவாகிறது, பிறகு அம்மோனியாவாகிறது. உரக்கடையில் மூட்டையாக விற்கும் அதே யூரியா, கிளையிலிருந்து விழுந்து நீருக்குள் தயாராகிறது. நீர் தேங்கிய வயலில் நெல்லின் வேர் அம்மோனிய வடிவத்தில் இருக்கும் நைட்ரஜனை விரும்பி உறிஞ்சும். இவற்றில் பல மீன் தின்னும் பறவைகள் என்பதால் மீன்முள்ளிலிருந்து வரும் பாஸ்பரஸும் எச்சத்தில் சேர்ந்தே இருக்கிறது. பயிரின் முதல் இரண்டு தேவைகள் ஒரே சொட்டில் வந்து விழுகின்றன.

காலமும் ஒத்துப்போகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை குஞ்சுகளின் காலம், எச்சம் அதிகம் விழும் காலமும் அதுவே. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நவரைப் பட்ட நெல் சாகுபடி நடக்கும் காலமும் ஏறத்தாழ அதே மாதங்கள். மதகைத் திறந்தால் சத்து கரைந்த நீர் வயலுக்குப் போகிறது.

இதில் ஏரிக்கும் ஒரு லாபம் இருக்கிறது. சத்து தேங்கிக்கொண்டே போனால் பாசி பெருகும். பாசி செத்து அழுகும்போது நீரின் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் குடித்துவிடும், மீன் மிதக்கும். வயலுக்குத் தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுமையில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. பறவை நெல்லுக்கு உரமிடுகிறது, நெல் ஏரியைக் கழுவிவிடுகிறது.

அடுத்து ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். முப்பது ஹெக்டேர் நீர் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் தீனி போட முடியாது. வேடந்தாங்கல் அவற்றுக்குப் பிரசவ வீடு மட்டுமே. நாரைகளும் கூழைக்கடாக்களும் காலையில் கிளம்பிச் சுற்றுவட்டத்து ஏரிகள், தாங்கல்கள், நெல் வயல்கள் எல்லாவற்றிலும் மேய்ந்துவிட்டு வருகின்றன. நத்தையும் மீனும் தவளையும் எங்கோ ஒரு வயலில் வளர்ந்தவை, அவற்றின் சத்து வந்து இறங்குவது இந்த ஒரே ஏரியில். பத்து ஊர் வயலின் உரத்தை இறக்கையில் சுமந்துவந்து ஓர் ஊரில் கொட்டும் ஏற்பாடு இது. அதே காரணத்தால், பத்து ஊரின் ஏரிகள் செத்தால் வேடந்தாங்கலைச் சுற்றி எவ்வளவு உயரமான வேலி போட்டாலும் பயனில்லை.

இங்கே கூடு கட்டும் பறவைகள் சைபீரியாவிலிருந்து வருபவை என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். தூர வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிருக்கு ஒதுங்க வருபவை, இங்கே முட்டையிடுவதில்லை. கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். இந்த வேறுபாடு முக்கியமானது. விருந்தாளிகளுக்கு நாலு மாதம் இடம் கொடுத்தால் போதும் என்று நினைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் சோறு வேண்டும்.

இதே எச்சத்தை மனிதர்கள் வேறுவிதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரு நாட்டுக் கடலோரத்தில் சிஞ்சா தீவுகள் உள்ளன. மழை இல்லாத அந்தப் பாறைகளில் கடற்பறவைகளின் எச்சம் நூற்றாண்டுகளாகக் கரையாமல் குவிந்து பல பத்து மீட்டர் உயரத்துக்கு மேடிட்டிருந்தது. 1840 முதல் அதை வெட்டிக் கப்பலேற்றி ஐரோப்பிய வயல்களுக்கு அனுப்பினார்கள். சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் அந்தத் தூசியில் வேலை செய்து மாண்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு கோடி டன்னுக்கும் மேல் பெருவிலிருந்து போய்விட்டது, தீவுகள் பாறை தெரியச் சுரண்டப்பட்டன. அங்கே மூலதனத்தையே எடுத்துத் தின்றார்கள். வேடந்தாங்கலில் அந்தந்த ஆண்டுக் கரைசல் மட்டுமே மதகு வழியே வயலுக்குப் போனது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் எச்சம் விழுந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

சரணாலயம் என்றதும் மனிதக் கை படாத இயற்கை என்று மனதில் ஒரு படம் வருகிறது. அந்தப் படம் இங்கே பொருந்தாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 920 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மாநிலத்தின் பரப்பில் முக்கால் பங்குக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. தானாக விட்டால் தண்ணீர் சரிந்து கடலுக்குப் போகும், பாறை அதைப் பிடித்து வைக்காது. ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவத்தில் மண்ணை அணைத்தார்கள். மூன்று பக்கம் கரை, மேட்டுப் பக்கம் திறப்பு. வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும், மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் போகும், மிஞ்சியது கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு இறங்கும். அரசுக் கணக்கில் தமிழ்நாட்டில் 39,202 ஏரி, கண்மாய்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை தானாகப் பிறந்தவை அல்ல, அவற்றின் கரை மனிதர் கூடையில் சுமந்து கொட்டிய மண்.

பறவைகள் பிறகு வந்து குடியேறின. ஏரிக்குள் நிற்கும் மரங்கள் எதற்கு என்று கேட்டால் அதற்கும் விடை தண்ணீரில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும் வரை பூனையும் நரியும் கூட்டை நெருங்குவது கடினம். வேர் மாதக்கணக்கில் மூழ்கியிருந்தும் சாகாத மரம் வேண்டும். நீர்க்கடம்பு அப்படிப்பட்டது, நாட்டுக் கருவேலும் ஓரளவு தாங்கும். ஆனால் எச்சத்தின் காரம் ஆண்டுக்காண்டு விழுந்து இலையைக் கருக்குகிறது, மரம் நாளடைவில் பட்டுப்போகிறது. யாராவது கன்று நட்டுக்கொண்டே இருந்தால்தான் அடுத்த தலைமுறைப் பறவைக்குக் கிளை இருக்கும். கலங்கலின் உயரத்தை மனிதன் நிர்ணயிக்கிறான், நீரின் ஆழத்தைக் கலங்கல் நிர்ணயிக்கிறது, கூட்டின் பாதுகாப்பை ஆழம் நிர்ணயிக்கிறது. பங்குனிக்கு முன்பே நீரை வடித்துவிட்டால் நாய்கள் மரத்தடிக்கு நடந்தே போய்விடும். மழை பொய்த்த ஆண்டில் பெரும்பாலான பறவைகள் வருவதே இல்லை.

ஏரியின் உயிருக்கு இன்னொரு வேலையும் தேவைப்பட்டது, தூர்வாருதல். ஓடிவரும் வெள்ளம் மண்ணைச் சுமந்துதான் வரும். வேகம் குறைந்ததும் கனமான மணல் வரத்துக்கால் வாயிலேயே தங்கிவிடும். மென்மையான களித்துகள் கரைப்பக்கம் வரை மிதந்துவந்து படியும். மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள் அது. அதன் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அம்மோனியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரத்தையும் விடாது. கோடையில் ஏரி காய்ந்ததும் உழவர்கள் இந்த வண்டலை வண்டி கட்டி அள்ளிக்கொண்டுபோய்ச் செம்மண் வயலில் கொட்டினார்கள். மேட்டு நிலத்திலிருந்து அரித்துவந்த மண், எச்சமும் இலைமக்கும் சேர்ந்து, மறுபடி நிலத்துக்குப் போனது. ஏரிக்கு ஆழமும் வயலுக்கு உரமும் ஒரே உழைப்பில் கிடைத்தன. வேடந்தாங்கலிலிருந்து தூரமில்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்ற குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கென்று நிலம் ஒதுக்கி ‘ஏரிப்பட்டி’ என்று பெயரிட்டதும் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. தேர்தல் முறையைப் பெருமையாகப் பேசும் நாம், அந்தத் தேர்தல் எந்த வேலைக்காக நடந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஏரிக்கும் ஊருக்குமான இந்தக் கூட்டு எப்படி முறிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நம்மில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். கிணற்றில் மின்மோட்டார் வந்தது. மோட்டார் வைத்தவருக்கு, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியின் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏரி வேலைக்கு ஆள் அனுப்பவும் அவசியமில்லை என்று ஆனது. அந்தக் கிணற்றுக்குள் ஊறிய தண்ணீரில் பெரும்பங்கு ஏரியின் அடியிலிருந்து கசிந்து வந்தது என்பதை அவர் அப்போது எண்ணவில்லை. ஏரி தூர்ந்தது, கசிவு குறைந்தது, கிணறு வற்றியது. கிணற்றை விட்டுவிட்டு ஆழ்குழாய் போட்டார்கள். கடினப் பாறையில் நூற்றுக்கணக்கான அடி போனால் கிடைப்பது விரிசல்களில் சேர்ந்த நீர் மட்டுமே. யூரியா மூட்டை வந்தபின் வண்டல் அள்ளும் வண்டி நின்றது. வயலில் பூச்சிமருந்து வந்தபின் நத்தையும் தவளையும் குறைந்தன. கோடையில் ஏரியின் உள்வாயை உழுது பயிரிட்டவர்கள், பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

காலியான உள்வாயைச் சீமைக்கருவேலம் பிடித்தது. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலத்து மரம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆடும் மாடும் இனிப்பான அதன் காயைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஊரெங்கும் ஊன்றின. வேர் நீரைத் தேடிப் போகும் ஆழம் வியப்பானது. அரிசோனாவின் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இந்த இனக் குடும்பத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது பலர் மகிழ்ந்தார்கள். ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினையாக இருந்தது. மரத்தின்மேல் மட்டும் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்டுதோறும் தூர்வாரி, மாதக்கணக்கில் தண்ணீர் நிறைந்து நிற்கும் ஏரிக்குள் சீமைக்கருவேலம் எளிதாகக் காடாக முடியாது. நாம் விட்டுப்போன இடத்தில்தான் அது நிற்கிறது.

இப்போது மறுபடி தூர்வாரத் தொடங்கியிருக்கிறோம். ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் வழக்கத்துக்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017-இல் அரசுத் திட்டமும் வந்தது, விவசாயிகள் வண்டல் எடுப்பதற்கு இருந்த கெடுபிடியும் தளர்ந்தது. நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் ஜேசிபி எந்திரம் தோண்டும் விதம் கவலை தருகிறது. மண்வெட்டியும் கூடையும் வாரிய ஏரிக்கு மெல்லச் சரியும் படுகை இருந்தது. ஓரத்தில் கணுக்கால் ஆழம், கொஞ்சம் தள்ளி முழங்கால், மதகருகே ஆள் ஆழம். எந்தப் பறவை எங்கே நின்று இரை தேடும் என்பதை அதன் கால் நீளம் முடிவு செய்கிறது. உள்ளான் ஓரச் சேற்றில், கொக்கும் நத்தைகுத்தியும் முழங்காலுக்குக் குறைந்த நீரில், நீர்க்காகம் ஆழத்தில். எந்திரம் செங்குத்தாக வெட்டிச் சுற்றிலும் கரை கட்டிக் கிண்ணமாக்கிவிட்டால் நீர்க்காகத்துக்கு மட்டும் இடம் மிஞ்சும். கிண்ணத்துக்கு மேட்டுப் பக்கம் திறப்பு இல்லையென்றால் வரத்துத் தண்ணீரும் வராது. நகர்ப்புறங்களில் நடைபாதை போட்டு, கம்பி கட்டி, பொம்மை வைத்த ஏரிகளில் இதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் மரத் திட்டுகளை விட்டுவைத்து, ஓரத்துச் சரிவைக் காப்பாற்றி, வண்டலை வயலுக்கே அனுப்பும் தூர்வாரலே ஏரி வேலை. மற்றதை மண் வெட்டும் ஒப்பந்தம் என்று சொல்ல வேண்டும்.

வேடந்தாங்கல் தனித்த அதிசயமும் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து மக்கள் தெருமரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்ட விட்டிருக்கிறார்கள், வாடையோடு வாழ்கிறார்கள், தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். அங்கும் எச்சம் கலந்த வண்டலுக்கு வயலில் மதிப்பு இருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடி வெடிக்காத பிள்ளைகளின் தியாகத்தைப் பாராட்டிப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அந்தப் பிள்ளைகளின் கண்மாய்க்கு இந்த ஆண்டு தண்ணீர் வந்ததா, வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று அதே பக்கத்தில் எழுதினால் நன்றாக இருக்கும்.

2022-இல் வேடந்தாங்கல், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டமும் சரணாலய எல்லைக்குள் அடங்கும். அதைக் குறைக்கலாம் என்று 2020-இல் எழுந்த யோசனைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் செய்தது சரியே. எல்லை வரைவதோடு நின்றுவிடாமல், அந்த ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் அதைத் தாண்டியும் இருக்கும் ஒவ்வொரு தாங்கலுக்கும் நீர்க்கட்டி ஒருவர் இருக்கிறாரா, மதகுப் பலகை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பறவைகள் காலையில் பறந்துபோவது அங்கேதான்.

அடுத்த முறை வேடந்தாங்கல் போனால், தொலைநோக்கியில் பறவைகளைப் பார்த்து முடித்தபின், கரையிலேயே நின்று அப்படியே மறுபக்கம் திரும்புங்கள். ஆயக்கட்டு தெரியும். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஊருக்குத் திரும்பியதும், கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஏரியின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக்கால் எந்தெந்தப் புல எண் வழியே வருகிறது என்று அதில் இருக்கும். கோடையில் ஒரு நாள் காலை, வெயில் ஏறுமுன், நாலு பேராக அந்தக் கால்வாய் நெடுக நடந்து பாருங்கள்.